ரீல் விட்டதும் ரீல் வாங்கியதும்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)



‘வெளிநாட்டு அனுபவம் ஏதாவது பேசுப்பா’ என்று சங்கச் செயலாளர் சொன்னார். ‘ஐஸில் மீன் பிடிக்கிற தூண்டிலுக்கு ரீல் வாங்கிய கதையைப் பேசட்டுமா சார்?’ என்று கேட்டேன். ஒரு நிமிடம் யோசித்தார். ‘ரீலைப் பற்றிப் பேசு, ரீல் விடாமல் பேசு’ என்றார். முயற்சி செய்கிறேன். ஆனால் இந்தக் கல்லூரியில் படித்தபோது நான் ஒரு ரீல் விட்டிருக்கிறேன். அதையும் இன்று இங்கேயே சொல்லி முடித்துவிட வேண்டும் என்றுதான் வந்திருக்கிறேன்.

நான் இங்கே மெக்கானிக்கல் படித்தது 2006 முதல் 2010 வரை. 2019-ல் அத்திவரதரைத் தரிசனம் செய்துவிட்டு, அந்த வருஷக் கடைசியில் கனடா போனேன். காஞ்சிபுரத்து வெயிலில் வளர்ந்த உடம்பு. அங்கே முதல் இரண்டு குளிர்காலமும் வீடு, ஆபீஸ் என்றே ஓடிப்போயின. 2022 ஜனவரியில் கூட வேலை செய்யும் ஒரு நண்பர், ‘இந்த சனிக்கிழமை ஏரிக்குப் போகலாம், மீன் பிடிக்கலாம்’ என்று கூப்பிட்டார். ‘ஏரியே உறைந்து கிடக்கிறதே’ என்றேன். ‘அதனால்தான் கூப்பிடுகிறேன்’ என்றார்.

டொரண்டோவுக்கு வடக்கே ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் சிம்கோ என்று ஓர் ஏரி. 700 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரப்பு. நம் தென்னேரி நிரம்பி நின்றாலே நமக்குக் கடல் மாதிரி இருக்கும். இது அதையெல்லாம் மறக்கடிக்கிற ஏரி. குளிர்காலத்தில் மேலே ஐஸ் கட்டிவிடும். தெளிந்த, கெட்டியான ஐஸ் குறைந்தது 4 அங்குலம் இருந்தால்தான் ஓர் ஆள் நடந்து போகலாம் என்பது அங்கே பாலபாடம். அதைச் சோதிக்காமல் காலை வைக்கக் கூடாது. அடியில் மீன் எப்படி உயிரோடிருக்கிறது என்று யாருக்காவது சந்தேகம் வந்தால் ஸ்கூல் இயற்பியலை நினைத்துக்கொள்ளுங்கள். நீருக்கு அடர்த்தி அதிகம் 4 டிகிரியில். அந்தத் தண்ணீர் அடியில் தங்கும்; அதைவிடக் குளிர்ந்தது மேலே வந்து உறையும். மேலே கூரை போட்ட வீடு மாதிரி மீன் உள்ளே நிம்மதியாக இருக்கும்.

ஐஸில் துளைக்கருவி கொண்டு 8 அங்குல அகலத்துக்கு ஓர் ஓட்டை போடுகிறார்கள். பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஓட்டைக்குள் நேராகத் தூண்டிலை இறக்குகிறார்கள். வீசி எறிகிற வேலை கிடையாது. அதனால் கழி இரண்டடி, மூன்றடிதான். கழி சிறியது என்றால் ரீலும் சிறியதாகத்தானே இருக்க வேண்டும்? இந்த இடத்தில்தான் இஞ்சினியர் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது.

கடையில் ஒரு சுவர் முழுக்க ரீல். நான் என்ன பார்த்தேன் தெரியுமா? பால் பேரிங் எத்தனை என்று பார்த்தேன். ஒன்றில் 5, ஒன்றில் 7, ஒன்றில் 11. பதினொன்றை எடுத்தேன். பிரேக்கின் அதிகபட்சப் பிடி எத்தனை கிலோ என்று பார்த்தேன். அதிகமாக இருந்ததே நல்லது என்று முடிவு கட்டினேன். பளபளவென்று உலோக உடம்பு, உலோகக் கைப்பிடி. அட்டைப்பெட்டியில் அச்சடித்திருந்த எண்களில் எது பெரியதோ அதற்குப் பணம் கொடுத்தேன். எத்தனை ஆழத்தில், என்ன மீனுக்கு, எந்தக் குளிரில் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை மைனஸ் 18 டிகிரி. முதலில் கை போயிற்று. உலோகக் கைப்பிடி விரலில் இருக்கும் சூட்டையெல்லாம் உறிஞ்சிக் குடித்துவிட்டது. கார்க், ரப்பர், நுரைப் பிடி என்று பலர் ஏன் வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. அடுத்து ரீலே போயிற்று. உள்ளே இருந்த கிரீஸ் குளிரில் இறுகி, கைப்பிடி மாட்டுவண்டிச் சக்கரம் மாதிரி சுற்றியது. ஒரு திசையில் மட்டும் சுற்ற விடுகிற உருளைக் கிளட்ச் ஒன்று இந்த ரீல்களில் உண்டு. அதில் கிரீஸ் கெட்டியானால் உருளைகள் சரியாகக் கவ்வாது. கைப்பிடி திடீரென்று பின்னால் நழுவும். பதினொரு பேரிங் இருந்து என்ன பிரயோஜனம்? குளிர் தாங்கும் மெல்லிய எண்ணெய் போட்ட நாலு பேரிங், கெட்டி கிரீஸ் அப்பிய பதினொன்றைவிட மேல். இது நான் படித்த மெக்கானிக்கல்தான். கடையில் மட்டும் மறந்துபோயிற்று.

எப்படியோ சமாளித்து இறக்கினேன். பத்தாவது நிமிஷம் ஒரு பெரிய மீன் மாட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மீன் இழுக்க இழுக்க ரீலின் பிரேக் நழுவி நூலை விட்டுக்கொண்டிருக்கிறது. நான் விடாமல் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் மீன் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. சரி, இன்னொன்று வரும் என்று காத்திருந்தேன். இரண்டு மணி நேரம் ஒன்றும் வரவில்லை. பக்கத்து ஓட்டைக்காரர் மட்டும் ஒன்று மாற்றி ஒன்று மஞ்சள் பெர்ச் மீனாக எடுத்து ஐஸில் போட்டுக்கொண்டே இருந்தார்.

அவர் ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர். ஊர் மயிலிட்டி. 1990-ல் போரினால் ஊரே வெளியேறியபோது கடலை விட்டு வந்தவர். அவரிடம் ரீலே இல்லை. ஒரு கட்டையில் சுற்றிய நூல், அவ்வளவுதான். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். என் ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தார்.

‘தம்பி, உம்மட தூண்டில் கரகம் ஆடுது’ என்றார்.

நானும் குனிந்து பார்த்தேன். தெளிந்த தண்ணீர். ஒரு கிராம்கூட எடை இல்லாத சின்ன ஈயக்குண்டுத் தூண்டில், நின்ற இடத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு பக்கம் சுற்றி முடித்து, கொஞ்சம் நின்று, மறுபக்கம் சுற்றியது.

‘அண்ணை, இது நிக்கவே மாட்டேங்குதே’ என்றேன்.

‘நூல் முறுகிப்போச்சு. சுத்துற இரையை இந்த மீன் தொடாது. நீர் அந்தப் பெரிய மீனோட மல்லுக்கட்டினீரெல்லே, அப்ப ஏறின முறுக்கு’ என்றவர், என் ரீலைக் கையில் வாங்கிப் பார்த்தார். ‘விலை கூடத்தான். மீனுக்கு விலை தெரியாது தம்பி’ என்று சிரித்தார். தன் வாளியிலிருந்து நாலு மீனை எடுத்து என் பையில் போட்டுவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்.

அன்று இரவு 9 மணிக்கு, அதாவது காஞ்சிபுரத்தில் மறுநாள் காலை ஏழரைக்கு, வழக்கம்போல் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். ரீலைக் காட்டி, நூல் முறுகிய விஷயத்தைச் சொன்னேன். அப்பா மீன் பிடித்தவரில்லை. ஐஸை ஃப்ரிட்ஜில் மட்டும் பார்த்தவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

‘இதுல நூலை உருவுறியா, உருட்டுறியா?’

நண்பர்களே, எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. ஏனென்றால் அந்தக் கேள்வியை நான் ஏழு வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். என் வீடு பிள்ளையார்பாளையத்தில். அப்பா தறி நெய்தவர். பெங்களூர்ப் பட்டு, சூரத் ஜரிகை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆயாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ராட்டையில் தார் சுற்றுவது என் வேலை. ஜரிகைக் கண்டை நட்டுக்க நிறுத்தி, நுனி வழியாக இழுத்தால் முதுகில் ஒன்று விழும். ‘உருவாதேடா, உருட்டு’ என்பாள் ஆயா. ஜரிகை என்பது பட்டு இழையின் மேல் வெள்ளித் தகட்டைச் சுற்றிப் பொன் முலாம் பூசியது. நுனி வழியாக உருவினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு ஏறும். ஜரிகை சுருண்டு, தகடு வாய் விடும். கண்டையே உருட்டி எடுத்தால் முறுக்கு ஏறாது. இதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. ஆயாவின் கை சொன்னது.

தம்பி தங்கைகள் வீட்டுக்குப் போய் ஒரு ரிப்பன் ரீலை எடுத்துச் சோதித்துப் பாருங்கள். ரீலை அசையாமல் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் உருவினால் ஒரு சுற்றுக்கு ஒரு முறுக்காக ரிப்பன் திருகிக்கொண்டு வரும். ரீலை உருட்டி எடுத்தால் தட்டையாக வரும்.

இப்போது மீன் ரீலுக்கு வருவோம். நான் வாங்கியது ஸ்பின்னிங் ரீல். அதில் நூல் சுற்றியிருக்கும் உருளை சுழலாது. ஒரு வளைகம்பி அதைச் சுற்றி ஓடி நூலைச் சுற்றும். அரசமரத்துக்கு மஞ்சள் நூல் சுற்றுகிற மாதிரி. மரம் நிற்கும், நாம்தான் சுற்றி வருவோம். அப்படிச் சுற்றும்போது ஏறுகிற முறுக்கு, நூலை இறக்கும்போது கழிந்துவிடும்; கணக்கு நேராகிவிடும். ஆனால் பிரேக் நழுவும்போது கைப்பிடியைச் சுற்றினால்? வளைகம்பி ஓடுகிறது, முறுக்கு ஏறுகிறது, நூல் மட்டும் உள்ளே வரவில்லை. என் ரீலில் கைப்பிடி ஒரு சுற்று என்றால் வளைகம்பி 5.2 சுற்று. அந்த மீனோடு நான் 20 சுற்று வீணாகச் சுற்றினேன் என்று வைத்துக்கொண்டால் 104 முறுக்கு. ஒரு கிராம் தூண்டில் கரகம் ஆடாமல் என்ன செய்யும்?

இன்னொரு ஜாதி ரீல் இருக்கிறது. இன்லைன் ரீல் என்பார்கள். அதில் உருளையே சுழலும். கேசட் நாடா ஓடுமே, அந்த மாதிரி நேராக உருண்டு வரும், உருண்டு போகும். பிரேக் நழுவினாலும் உருளை பின்னால் சுழலுமே தவிர முறுக்கு ஏறாது. ஆயா சொன்ன ‘உருட்டு’ இதுதான்.

அப்படியானால் எல்லாரும் இன்லைன் வாங்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். இங்கேதான் கணக்குப் போட வேண்டும். ஸ்பின்னிங் ரீலின் உருளை 40 மில்லிமீட்டர் விட்டம் என்றால் ஒரு சுற்று சுமார் 12.5 செ.மீ. அதை 5.2-ஆல் பெருக்கினால், கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு 65 செ.மீ. நூல் ஏறும். 25 மீட்டர் ஆழத்திலிருந்து மீனைத் தூக்க 38 சுற்று போதும். இன்லைன் ரீலில் உருளை 60 மில்லிமீட்டர், பல்சக்கர விகிதம் 2.5 என்றால் ஒரு சுற்றுக்கு 47 செ.மீ.; அதே ஆழத்துக்கு 53 சுற்று. பல்சக்கரமே இல்லாத சாதாரண உருளையாக இருந்தால் 130 சுற்றுக்கு மேல். மைனஸ் 18-ல் 130 சுற்று சுற்றிப் பாருங்கள், தெரியும்.

ஆகவே எது நல்ல ரீல் என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. எந்த ஆழம், எந்த மீன் என்பதுதான் கேள்வி. சிம்கோ ஏரியின் தெற்குப் பக்கத்தில் குக்ஸ் பே என்ற ஆழம் குறைந்த வளைகுடா இருக்கிறது. அங்கே நாலைந்து மீட்டரில் பெர்ச் பிடிக்க, மெல்லிய நூலும் இன்லைன் ரீலும் சுகம். உருளை பெரியது என்பதால் குளிரில் நூல் ஸ்பிரிங் மாதிரி சுருண்டு நிற்பதும் குறைவு. அதே ஏரியின் கெம்பன்ஃபெல்ட் பே பக்கம் ஆழம் 40 மீட்டர் வரை போகும். அங்கே ட்ரவுட், ஒயிட்ஃபிஷ் பிடிக்க ஸ்பின்னிங் ரீல்தான் வேண்டும். அதிலும் பிரேக் நழுவும்போது கைப்பிடியைச் சுற்றக் கூடாது என்ற ஒழுக்கம் வேண்டும்.

பிரேக் விஷயத்திலும் ஒரு பாடம். பெர்ச்சுக்குப் போடும் நூல் 4 பவுண்டு, அதாவது 1.8 கிலோ தாங்கும் நூல். பிரேக்கை அதில் மூன்றில் ஒரு பங்குக்கோ நாலில் ஒரு பங்குக்கோதான் வைக்க வேண்டும். அரை கிலோதான் ஆகிறது. அட்டைப்பெட்டியில் பெரிய கிலோ போட்டிருந்து என்ன பயன்? முதல் இழுப்பில் வெட்டாமல், வழுக்கிக்கொண்டு நூலை விடுகிறதா என்பதுதான் முக்கியம். கடையிலேயே கையால் இழுத்துப் பார்த்துவிடலாம். அப்புறம், சூடான குடிலுக்குள்ளும் வெளியே குளிரிலும் ரீலை மாற்றி மாற்றிக் கொண்டு போகாதீர்கள். உள்ளே ஈரம் படிந்து, வெளியே வந்ததும் உறைந்து, ரீல் பூட்டிக்கொள்ளும்.

இன்னொரு செய்தி. தூண்டில் ரீல் புதுசு இல்லை. சீன ஓவியர் மா யுவான் 1195 வாக்கில் வரைந்த ஓவியத்தில், குளிர்கால ஏரியில் தனியாகப் படகில் உட்கார்ந்திருப்பவர் கையில் ரீல் வைத்த கழி இருக்கிறது. அதுவும் உருளை சுழல்கிற ஜாதிதான். உருளை நிற்க, நூலை உருவுகிற ரீலுக்கு 1905-ல் காப்புரிமை வாங்கியவர் இங்கிலாந்தின் ஹோல்டன் இல்லிங்வொர்த். அவர் தொழில் என்ன தெரியுமா? ஜவுளித் தொழிலதிபர். ஆலையில் தாரிலிருந்து நூல் உருவி வருவதைப் பார்த்துப் பழகிய கை. என் அப்பா மீன் பிடிக்காமலே அந்த ரீலின் குணத்தைக் கண்டுபிடித்ததில் ஆச்சரியம் இல்லை. அது தறிக்காரர்கள் குடும்பத்தில் பிறந்த பொருள்.

இப்போது நான் விட்ட ரீலுக்கு வருகிறேன். 2006-ல் முதல் வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து பெயர், ஊர், அப்பா என்ன செய்கிறார் என்று சொன்னோம். என் முறை வந்தபோது ‘சில்க் பிசினஸ் சார்’ என்றேன். நாலு வருஷமும் அப்படியே ஓட்டினேன். ஒரு நாள் ரெக்கார்டு நோட்டு வாங்க வந்த நண்பன், திண்ணையில் நான் தார் சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டான். ‘பாட்டிக்குச் சும்மா உதவி’ என்றேன். உள்ளே தறிக்குழியில் காலை வைத்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார். அவர் காதில் அது விழுந்தது. அன்றும் ஒன்றும் சொல்லவில்லை, அப்புறமும் சொல்லவில்லை. அந்த நண்பன் இங்கே உட்கார்ந்திருக்கிறான். கேட்டுக்கொள்ளட்டும். என் அப்பா பிசினஸ்மேன் இல்லை. கூலிக்குப் பட்டு நெய்தவர். அந்தக் கூலியில்தான் எனக்கு இங்கே ஃபீஸ் கட்டினார். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு அடுத்த வருஷம் அந்தப் பட்டை நெய்தவரின் மகன் அதைச் சொல்ல வெட்கப்பட்டான்.

2016-ல் முழங்கால் முடியாமல் அப்பா தறியைப் பிரித்தார். அப்போதுகூட நான் ‘நல்லதுப்பா, ரெஸ்ட் எடுங்க’ என்றுதான் சொன்னேன். அவர் கையில் இருந்த படிப்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. ஐஸில் உட்கார்ந்து கை விறைத்த பிறகுதான் கேட்டேன்.

இந்தத் தடவை ஊருக்கு வரும்போது இரண்டு ரீலையும் கொண்டுவந்தேன். அப்பா இரண்டையும் மடியில் வைத்துச் சுற்றிப் பார்த்தார். பதினொரு பேரிங் ரீலைக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, ‘எண்ணெய் ஜாஸ்தி’ என்றார். இன்லைன் ரீலை உருட்டிப் பார்த்தார். அதைத் திருப்பித் தரவில்லை. இப்போது அது வீட்டில் ஆயாவின் ராட்டை இருந்த மாடத்தில் இருக்கிறது. நானும் கேட்கவில்லை.

மாணவத் தம்பி தங்கைகளே, இங்கே உட்கார்ந்திருக்கும் உங்களில் பலர் வீட்டிலும் தறி இருந்திருக்கும், இல்லையென்றால் வேறு ஏதாவது கைத்தொழில் இருக்கும். நீங்கள் படிக்கிற விசை, முறுக்கு, உராய்வு எல்லாம் அந்த வீட்டில் யாரோ ஒருவர் கையில் இருக்கிறது. அவர் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பொருளை வாங்கினாலும், எந்த வேலையைத் தேர்ந்தெடுத்தாலும், பெட்டியில் போட்ட பெரிய எண்ணைப் பார்க்காதீர்கள். இது எந்த ஆழத்துக்கு, எந்தக் குளிருக்கு, இதில் நூல் உருவி வருமா உருண்டு வருமா என்று கேளுங்கள். அப்பா என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். அதில் முறுக்கு ஏறாது.